சோப்பு போடாத வேப்பெண்ணெய்

காதைக் கொஞ்சம் கொடுங்கள். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன், விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது. கோட்டை விட்டுவிட்டு அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது.

திண்டுக்கல்லில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் மூன்றாம் மாடியில் சௌந்தரவல்லி தனியாக இருந்தாள். கணவர் போய் இரண்டு வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. அவர் கையால் வைத்த செம்பருத்தி ஒன்றுதான் பால்கனித் தொட்டியில் மிச்சம். அதிலும் மாவுப்பூச்சி வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டது.

கீழ்வீட்டுப் பிலோமினா விசாரிக்க வந்தாள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். அவள் வளர்க்கும் கறிவேப்பிலையைப் பார்க்கவேண்டுமே, பேருக்குக்கூட ஒரு பூச்சி இராது!

“வேப்பெண்ணெய் அடிச்சா ஓடிரும்க்கா. சனிக்கிழமை சனிக்கிழமை நானே வந்து அடிக்கிறேன்.”

வந்தாள். தெளிப்பானில் தண்ணீரை நிரப்பி, எண்ணெயை ஊற்றி, குலுக்கி அடித்தாள். எண்ணெய் கலக்காமல் மேலே மிதந்தது. முதலில் வெறும் தண்ணீர் பீய்ச்சியடித்தது. கடைசியில் வெறும் எண்ணெய் விழுந்து இலை கருகியது. பூச்சி அசைந்தால்தானே!

“சோப்பு இருக்காக்கா? வெறும் தண்ணிக்கு இந்த எண்ணெய் போவாது” என்று பிலோமினா கை கழுவிக்கொண்டாள். பிறகு காபி. பேச்சு விளக்கு வைக்கும்வரை நீண்டது.

சௌந்தரவல்லிக்கு விஷயம் தெரியும். கொஞ்சம் சோப்பைக் கரைத்து ஊற்றினால்தான் எண்ணெய் தண்ணீரோடு சேரும் என்று கணவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டாள். பூச்சி போய்விட்டால் பிலோமினா எதற்கு மூன்று மாடி ஏறப்போகிறாள்? ஞாயிறு முழுக்க வீடு வேப்பெண்ணெய் நாறும். சௌந்தரவல்லி ஜன்னலைத் திறக்கமாட்டாள். ஆள் வந்துபோன வாசனை ஆயிற்றே, பாவம்.

ஏழு சனிக்கிழமை போயின. செடியில் ஐந்தே இலை.

“பூச்சி இன்னும் மருந்துக்குக் கேக்கலையேக்கா, அடுத்த வாரமும் வரணும்போல” என்றாள் பிலோமினா. முகத்தில் வருத்தத்தைத்தான் காணோம்.

அன்று கணவரின் படத்தை நிமிர்ந்து பார்க்கவே சௌந்தரவல்லிக்குக் கூசியது. சொன்னால் துணை போய்விடும். சொல்லாவிட்டால் அவர் வைத்த செடி போய்விடும்.

எட்டாம் சனிக்கிழமை, பிலோமினா எண்ணெய்ப் புட்டியைத் திறந்தபோது, இவள் ஒரு துண்டு சோப்பைக் கைக்குள் மறைத்தபடி நின்றாள்.

இப்போது சொல்லுங்கள், இந்த இருவரில் ஏமாற்றியது யார், ஏமாந்தது யார்?

விடை: ஏமாந்தது செம்பருத்தி ஒன்றுதான். கையில் பட்ட எண்ணெய்க்கே சோப்பு கேட்டவளுக்கு, கறிவேப்பிலையைப் பூச்சி அண்டாமல் வளர்ப்பவளுக்கு, தெளிப்பானில் சோப்பு போடத் தெரியாதா என்ன? அவளுக்கும் வீட்டில் பேச ஆளில்லை. சௌந்தரவல்லி கையை விரித்துக் காட்டி, “பூச்சி போனாலும் சனிக்கிழமை வருவியாடி?” என்று கேட்டாள். பிலோமினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “வருவேன்க்கா” என்றபடி நைட்டிப் பாக்கெட்டில் கைவிட்டு எடுத்தாள். அவளும் அன்று ஒரு துண்டு சோப்பு கொண்டுவந்திருந்தாள்.