தேன்பாறையில் கயிறு பிடித்தவன்

ஊருக்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு மைத்துனன் என்று இருந்த காலம் அது. சிரிக்காதீர்கள், மைத்துனன் பின்னால் வருகிறான். முதலில் ராஜாவைப் பாருங்கள்.

பெயர் செம்பரிதி. மலையடிவாரத்து வயல்நாட்டை ஆண்டான். நல்லவன்தான், ஆனால் நல்லவர்களுக்கும் பிடிவாதம் உண்டே! அவன் அப்பா போட்டுவிட்டுப் போன வரி ஒன்று: மலைக்காரர்கள் எடுக்கும் தேனில் பாதி அரண்மனைக்கு. பாறையில் தொங்கி உயிரைப் பணயம் வைக்கிறவன் ஒருவன், கீழே உட்கார்ந்து விரலை நக்குகிறவன் இன்னொருவன். எத்தனை காலம் பொறுப்பார்கள்? ஒரு நாள், "தேனும் கிடையாது, வரியும் கிடையாது" என்று கணவாயை மறித்துவிட்டார்கள். கலகம் மூண்டது. உப்பு மேலே போகவில்லை, மிளகு கீழே வரவில்லை, பிணம் மட்டும் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது.

சமாதானம் பேசாமல் இல்லை. முதல் தடவை செப்பேட்டில் எழுதி முத்திரை குத்தினார்கள். அது ஆறுவதற்குள் ராஜாவின் படை மலைக் குடிசைகளைக் கொளுத்தியது. "தவறிப்போய்ப் பற்றிக்கொண்டது" என்றான் தளபதி. இரண்டாம் தடவை கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அந்த வாசனை போவதற்குள் மலை வாலிபர்கள் உப்பு வண்டிகளைக் கொள்ளையடித்தார்கள். "பசி, என்ன செய்ய?" என்றார்கள். பார்த்தீர்களா, யார் கையும் சுத்தமில்லை.

அந்த வண்டிகளுக்குக் காவல் போனவன் ராஜாவின் ஒரே பிள்ளை இளம்பரிதி. அவனையும் பிடித்துக் கட்டி மலைமேல் கொண்டுபோனார்கள். பதிலுக்குத் தளபதி, கலகத் தலைவன் மாசனின் மச்சான் உதிரனைப் பிடித்துவந்து சிறையில் தள்ளினான்.

அரசி சோற்றைத் தொடவில்லை. "எனக்கு வெற்றியும் வேண்டாம், தோல்வியும் வேண்டாம். என் பிள்ளை வேண்டும்" என்றாள். மூன்றாம் தடவை தூதன் போகவில்லை, ராஜாவே மலையேறினான்.

கூடவே தளபதி அடலேறனும் ஏறினான். இவன்தான் நான் சொன்ன மைத்துனன், அரசியின் தம்பி. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன். போர் என்றால் அவனுக்குக் கொள்ளையில் பங்கு, படைமேல் அதிகாரம். போர் நின்றால் மீசையை முறுக்குவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

மேலே போனதும் அடலேறன் சும்மா இருந்தானா? மாசனின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினான். "எங்கள் அரசர் மேல் ஒரு கீறல் விழட்டும், கீழே உன் மச்சான் கழுவில் ஏறுவான். ஆணை போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்!"

மாசனின் மனைவி மருதி அங்கேதான் நின்றாள். கூடப்பிறந்தவனுக்குக் கழு என்று கேட்டதும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாசன் அவளைப் பார்த்தான், பிறகு ராஜாவைப் பார்த்தான்.

"ராசா, செம்புல எழுதினோம், நிக்கல. சாமி முன்னால சொன்னோம், அதுவும் நிக்கல. இனி எங்க மலை வழக்கம். எங்க பேச்சு கயித்துலதான் நிக்கும். தேன்பாறையில நீ இறங்கு. கயித்தை யாரு பிடிக்கணும்னு நீயே சொல்லு. ஏறி வந்தா பேசுவோம்."

"உங்களில் யார் பிடிப்பார்கள்?" என்று கேட்டான் ராஜா.

"இறங்குறவனோட மச்சான். வேற எவனும் தொடக்கூடாது. அவன் கைய விட்டா அவன் கூடப்பிறந்தவதானே தாலி அறுப்பா? அதனால கை அறுந்தாலும் விடமாட்டான். எனக்கு உதிரன் பிடிப்பான். அவனை நீங்க கொண்டுபோனதிலேருந்து நான் பாறையில இறங்கல. தேன் அப்படியே கெடக்கு, புள்ளைங்க கிழங்கைத் தின்னுட்டுக் கெடக்குதுங்க."

"அப்படியானால் கவலை என்ன? நானும் மச்சான்தானே!" என்று அடலேறன் முன்னால் வந்தான். "அத்தான், நீங்கள் இறங்குங்கள். நான் பிடிக்கிறேன்."

கொடிக்கயிற்றை வேங்கை மரத்தில் ஒரு சுற்று சுற்றி அவன் கையில் கொடுத்தார்கள். மறுமுனை ராஜாவின் இடுப்பில். ராஜா பாறை விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தான். அடியில் மரங்கள் கீரைப்பாத்தி மாதிரி தெரிந்தன. திரும்பி மைத்துனனைப் பார்த்தான்.

அடலேறன் சிரித்த முகமாக நின்றான். ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நான் விழுந்தால் இவனுக்கு என்ன நஷ்டம்? இளவரசன் பகைவர் கையில். அக்காளுக்கு இவனை விட்டால் ஆள் இல்லை. சிங்காதனமும் இவனுக்கு, போரும் இவனுக்கு. இவன் கயிற்றை விடுவான் என்று சொல்லவில்லை. ஆனால் பிடிப்பான் என்று அடித்துச் சொல்லவும் நாக்கு வரவில்லையே! ஐயோ, இவனையல்லவா இரண்டு தடவையும் சமாதானத்துக்குக் காவல் வைத்தேன்!

விளிம்பிலிருந்து ராஜா திரும்பி வந்தான். மைத்துனன் கையிலிருந்து கயிற்றை வாங்கினான். நேராகப் போய் மாசனிடம் நீட்டினான்.

"நீ பிடி."

"அத்தான், பைத்தியமா? இவன் பகைவன்!" என்று கத்தினான் அடலேறன்.

"பகைவன்தான். ஆனால் நான் விழுந்தால் இவன் மனைவியின் அண்ணன் சாவான். நீதானே அந்த ஆணையைப் போட்டாய்? இந்த மலையில் என் உயிர்மேல் அக்கறை உள்ளவன் இப்போது இவன் ஒருவன்தான்."

ராஜா இறங்கினான். தேனீக்கள் ராஜா என்று பார்க்குமா? கன்னத்திலும் காதிலும் கொட்டின. கால் தடவிய இடமெல்லாம் வழுக்கியது. ஒரு தடவை பிடி நழுவி அந்தரத்தில் சுழன்றான். கயிறு அதிர்ந்தது, இறுகியது, நின்றது. பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஒரு தேனடையை அறுத்துக்கொண்டு ஏறினான். மேலே வந்து பார்த்தால் மாசனின் உள்ளங்கையில் தோல் இல்லை. மருதி அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இன்னும் விடாமல் நின்றாள்.

"இப்போது நீ இறங்கு. நான் பிடிக்கிறேன்" என்றான் ராஜா. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்ததால் பேச்சே குழறியது.

மாசன் சற்றும் யோசிக்கவில்லை. இறங்கினான்.

செங்கோலைத் தவிர வேறு எதையும் இறுக்கிப் பிடித்தறியாத கை அது. கயிறு இழுத்த இழுப்பில் ரத்தம் கசிந்தது. எதிரே கைகட்டுண்ட இளம்பரிதி மலைக்காரர்களின் நடுவே நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது அடலேறன் காதோரம் வந்து குனிந்தான். "விட்டுவிடுங்கள் அத்தான். கலகம் இந்த நொடியோடு ஒழியும்."

"விட்டால் என் பிள்ளையை என்ன செய்வார்கள்?"

"நாட்டுக்காக ஒரு பிள்ளை போனால்தான் என்ன?"

ராஜா அவன் பக்கம் திரும்பவே இல்லை. "நீ ஒன்றைப் பெற்றிருந்தால் இந்த வார்த்தை உன் வாயில் வந்திருக்காது. தள்ளிப் போ" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தான். மாசன் நிறைய அடைகளோடு ஏறி வந்தான். இருவரும் கையைப் பார்த்துக்கொண்டார்கள். எந்தக் கை யாருடையது என்று தெரியாதபடி இரண்டும் ஒன்றுபோல் கிழிந்திருந்தன.

பேச்சு அதன்பிறகு சுலபமாக முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? விடிய விடிய வாதம்! பாதி வரியை ஒரேயடியாக விட ராஜாவுக்கு மனம் வரவில்லை. எரித்த குடிசைகளைக் கட்டித்தராமல் மாசன் விடவில்லை. கடைசியில் வரி போயிற்று, குடிசைகள் எழும்பின, கணவாய் திறந்தது. உதிரன் மலைக்கு வந்தான், இளம்பரிதி கட்டவிழ்ந்தான்.

"அவனவன் ஆளு அவனவன் வீட்டுக்குப் போயிட்டா, அப்புறம் இந்தச் சமாதானத்துக்குக் கயித்தை யாரு பிடிப்பா?" என்று கேட்டான் மாசன்.

நியாயமான கேள்வி. ராஜா ஒரு வழக்கம் சொன்னான். கணவாயில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து காவல் நிற்கட்டும். மறுபடி சண்டையா என்ற கேள்வி எழுந்தால், அங்கே தங்கள் பிள்ளை நிற்கிறவர்கள் மட்டும் சபையில் வாய் திறக்கட்டும். மாசன் தலையாட்டினான். உதிரன் முதல் ஆளாகக் காவலுக்குப் போனான். ராஜா தன் பிள்ளையையே பக்கத்தில் நிறுத்தினான். அரசி அழுதாள், ஆனால் தடுக்கவில்லை.

மறு வருஷம் கணவாயில் ஒரு வணிகன் அம்பு பட்டுச் செத்துக் கிடந்தான். சபை கூடியது. "மலைக்காரன் புத்தி போகுமா? படையைக் கிளப்புங்கள்!" என்று அடலேறன் மேசையைக் குத்தாத குறையாகக் குதித்தான்.

ராஜா கேட்டான்: "மைத்துனா, கணவாயில் உன் பிள்ளை நிற்கிறானா?"

"இல்லை."

"அப்படியானால் உட்கார்."

பின்வரிசையில் ஒரு குயவர் வீட்டுப் பெண் எழுந்தாள். "என் மகன் நிக்கிறான் சாமி. முதல்ல அம்பு யாருதுன்னு பாருங்க, அப்புறம் படையைப் பாருங்க" என்றாள். பார்த்தார்கள். அம்பு மலையுடையதும் இல்லை, வயலுடையதும் இல்லை, வழிப்பறிக் கள்ளன் ஒருவனுடையது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்தே போய் அவனைப் பிடித்து வந்தார்கள். படை கிளம்பவில்லை. அன்று யார் வீட்டிலும் ஒப்பாரி கேட்கவில்லை.

கேட்டவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சமாதானத்தின் கயிற்றை, அது அறுந்தால் ஆதாயம் பெறுகிறவன் கையில் கொடுக்காதே, அறுந்தால் அழப்போகிறவன் கையில் கொடு.