சூரியன் வெடிக்குமா, டீச்சர்?

"இனிமே நான் சொல்ல மாட்டேன் டீச்சர். எனக்கு மானம் போகுது."

மாடியேறி வந்த மூச்சு அடங்குமுன்னே அருளப்பன் இப்படி ஆரம்பித்தார். மீனவர் சங்கத்தின் வயர்லெஸ் அறையில் மைக் பிடிப்பவர். ஆழ்கடலுக்குப் போன போட்டுகளோடு பேசுவது அவர் வேலை.

அவர் டீச்சர் என்று கூப்பிடும் சுபைதாவுக்கு அவருடைய மகள் வயதுதான். சூரியனைக் கவனித்து, அது எப்போது சீறும் என்று கணிப்பவள். தொலைநோக்கி மாடியில், வயர்லெஸ் கீழே. ஒருநாள் அவராகவே படியேறி வந்து, "எனக்கும் சொல்லிக் கொடுங்க" என்றார். அன்றிலிருந்து அவள் குரு, இவர் சிஷ்யன். டீயில் சர்க்கரை கூடிப்போனால் சிஷ்யன் குருவையே வைவார், அது வேறு விஷயம்.

"யாரு உங்க மானத்தை வாங்குனா?"

"என் தம்பி சூசைதான். நடுக்கடல்ல இருந்துக்கிட்டு, எல்லா போட்டும் கேக்க, 'சூரிய ஜோசியரே, இன்னைக்கு ராகு காலம் எப்போ'ங்கான்."

சுபைதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. மூணு தடவை வெடிக்கும்னு சொன்னேன். வயர்லெஸ் போயிரும்னு சொன்னேன். மூணு தடவையும் சூரியன் சும்மா கெடந்துச்சு."

"கணிச்சது நான்தானே அண்ணாச்சி?"

"கேலி எனக்குல்லா?"

அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. போன வருஷம் சூரியன் வெடித்து, சொல்லாமல் கொள்ளாமல் வயர்லெஸ் செத்தது. அந்த நேரம் பார்த்து சூசையின் போட்டில் இஞ்சின் நின்றது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். ஒருவர் காதிலும் விழவில்லை. வயர்லெஸ் உயிர் பெற்றபோது அவன் பேட்டரி செத்திருந்தது. தனியாக மிதந்தவனை மறுநாள் யாரோ கண்டு இழுத்து வந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அருளப்பன் மாடியேறினார்.

"சொல்லிச் சொல்லிப் பொய்யாப் போனா, நெசமா வர்ற அன்னைக்கு ஒருத்தனும் காது குடுக்க மாட்டான் டீச்சர். எனக்கு இருக்குறது ஒரே தம்பி."

துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இனிமே உறுதியாத் தெரிஞ்சாத்தான் சொல்லுவேன்."

"சரி."

"சரியா?"

"உறுதியாத் தெரிஞ்சதும் உங்ககிட்ட சொல்லுதேன். இங்கயே இருங்க. கீழ போய் டீ போட்டுக் கொண்டாரேன்."

டீ வந்தது. சர்க்கரை சரியாக இருந்தது.

தொலைநோக்கிக்குக் கீழே வெள்ளைத் தாளில் சூரியனின் பிம்பம் தட்டு அளவுக்கு விழுந்திருந்தது. அதில், வெடிப்புக் கிளம்பும் இடமான ஒரு கரும்புள்ளிக் கூட்டம். சில நாளாக வீங்கிக்கொண்டே வருகிறது. அருளப்பன் அதை முறைத்துக்கொண்டே குடித்தார்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த சுபைதா திடீரென்று எழுந்தாள்.

"வெடிச்சிருச்சு அண்ணாச்சி! உறுதி! ஓடுங்க!"

டீ கொட்டியது. படி தடதடத்தது. அருளப்பன் மைக்கை அழுத்தினார்.

"சூசை! ஏலே சூசை! போட்டுக்காரங்க எல்லாரும் கேளுங்க! சூரியன் வெடிச்சிருச்சு!"

பதில் இல்லை.

"சூசை! கேக்குதாலே?"

வழக்கமான இரைச்சல்கூட இல்லை.

"தம்பி, ஒரு வார்த்தை பேசுடா."

பின்னால் சுபைதா நின்றாள். கையில் வயர்லெஸ் செட்டின் ஏரியல் வயர். டீ போடப் போனபோதே கழற்றியிருக்கிறாள்.

"அடிப்பாவி! அப்ப வெடிக்கலையா?"

"இல்ல."

"என் உசிரே போயிருச்சு தாயி! இப்படியா வெளாடுவீங்க?"

"வெடிச்சது நம்ம கண்ணுக்குத் தெரியிறதும் வயர்லெஸ் சாகுறதும் ஒரே நேரம் அண்ணாச்சி. வெடிப்பும் அடியும் சேர்ந்தேதான் வருது. உறுதியாத் தெரிஞ்ச பெறகு சொன்னா இப்படித்தான் இருக்கும்."

அருளப்பன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வயரை வாங்கி மாட்டினார்.

"நெசமா இன்னைக்கு எப்படி டீச்சர்?"

"பாதிக்குப் பாதி."

மைக்கை அழுத்தினார்.

"போட்டுக்காரங்க கவனத்துக்கு. இன்னைக்கு சூரியன் வெடிக்கலாம். வெடிக்காமலும் போகலாம். வயர்லெஸ் நின்னாலும் நின்னுரும். சொல்லிட்டேன். சிரிக்கிறவன் சிரிச்சுக்கோ."

சிரித்தார்கள். சூசையின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

சாயங்காலம்வரை சூரியன் சும்மா கிடந்தது. ஒன்றும் அறியாத பிள்ளை போல மேற்கே இறங்கியது.

அருளப்பன் வயர்லெஸ் செட்டுக்கு முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சுபைதா வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வயர்லெஸ் கரகரத்தது.

"அண்ணே, சூசை பேசுதேன். இன்னைக்கும் பொய்தான்."

"ஆமாடா."

"நீ சொன்னதும் எல்லா போட்டும் பக்கத்துல வந்துட்டோம். நீ சொல்லுத அன்னைக்கெல்லாம் அப்படித்தான். செட்டு செத்தா, வாயால கூப்பிட்டாக் கேக்கணும்லா? இந்தா, சோறு ஒரு போட்ல வேகுது, குழம்பு ஒரு போட்ல. கயித்துல கட்டி மாத்திக்கிட்டு இருக்கோம்."

அவனுக்குப் பின்னால் யாரோ பாடுவதும் மற்றவர்கள் கைதட்டுவதும் கேட்டது.

அருளப்பன் திரும்பிச் சுபைதாவைப் பார்த்தார்.

"அண்ணே, இருக்கியா?"

"இருக்கேன்டா."

"நாளைக்கும் வெடிக்கும்னு சொல்லு. குழம்பு மிச்சம் இருக்கு."