அடிஸ் அபாபாவில் ஓர் உருண்டைக்குப் பேரம்

என் பட்டறையில் நாச்சிமுத்து, சென்னியப்பன், பொன்னுக்குட்டி என்று மூன்று பேர் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் மாவு மில்லைப் பிரித்து மாட்டிவிடுவார்கள். கண்கட்டை அவிழ்த்துவிட்டால்தான் தொல்லை.

எத்தியோப்பியாவில் தெஸ்பாயே என்பவர் நாற்பது மில் கேட்டிருந்தார். ஓட்டிக் காட்ட மூவரையும் கூட்டிப் போனேன். அந்த ஆர்டர் தவறினால் பட்டறைக்குப் பூட்டுத்தான்.

விமானத்திலேயே படித்துப் படித்துச் சொன்னேன். "யாரு எதை நீட்டுனாலும் பல்லைக் காட்டி வாங்கிறாதீங்கடா. மூஞ்சியைச் சுளிக்கோணும். 'இவ்வளவுதானா?'ன்னு கேக்கோணும். மசியலையா, எந்திரிச்சு நடையைக் கட்டோணும். திரும்பிப் பாக்கக்கூடாது. நீட்டுனவன் கூப்பிட்டாத்தான் வரோணும். நான் மனுசனானதே இப்படித்தான்!"

"சரிங்க மொதலாளி."

அடிஸ் அபாபாவில் இறங்கினோம். அதிகாரி முத்திரை குத்திப் பாஸ்போர்ட்டை நீட்டினார். பொன்னுக்குட்டி மூஞ்சியைச் சுளித்தான். "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு நடந்தே போய்விட்டான். அதிகாரி கத்திக் கூப்பிட்டார்.

"பாத்தீங்களா மொதலாளி, வேலை செய்யுது!" என்றான்.

மில் ஜம்மென்று ஓடியது. தெஸ்பாயே கோயமுத்தூரில் நாலு வருடம் படித்தவர், நன்றாகவே தமிழ் பேசுவார். "விலை சரி. வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

வண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு தட்டு வந்தது. தட்டு முழுக்க இஞ்சேரா என்கிற புளித்த மாவு தோசை. அதன்மேல் குவியல் குவியலாகக் குழம்பு. எல்லாருக்கும் சேர்த்து அந்த ஒரே தட்டு.

மூவரும் தலையைக் கூட்டினார்கள்.

"இது இலையா, பலகாரமா?"

"மேல கொழம்பு ஊத்தியிருக்குது. அப்ப இலைதான்."

"இலையில எதுக்குடா இத்தனை ஓட்டை?"

"பூச்சி அரிச்சிருக்கும்."

அதற்குள் தெஸ்பாயே ஒரு துண்டைக் கிழித்து, குழம்பில் புரட்டி, உருட்டி, நாச்சிமுத்துவின் வாய்க்கு நேரே நீட்டினார். விருந்தாளிக்குக் கையால் ஊட்டுவது அங்கே வழக்கம். வேண்டாம் என்றால் உங்கள் சிநேகிதமே வேண்டாம் என்று அர்த்தம்.

நாச்சிமுத்து சுளித்தான். "இவ்வளவுதானா?"

தெஸ்பாயே சிரித்துக்கொண்டே உருண்டையைப் பெரிதாக்கினார். எலுமிச்சை ஆரஞ்சானது. ஆரஞ்சு தேங்காயானது. "கட்டுபடியாகுமுங்க" என்று வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடக் கால் மணி நேரம் ஆயிற்று. பொன்னுக்குட்டியும் பேரம் பேசி, தேங்காய் அளவில் இறங்கி வந்தான்.

சென்னியப்பனுக்குத் தேங்காயும் போதவில்லை. எழுந்தான், வாசலைத் தாண்டினான், தெருவில் நடந்தான்.

தெஸ்பாயேயின் முகம் சுண்டிவிட்டது. "மூணு பேரும் என் கையால சாப்பிடாம கையெழுத்து இல்லை!"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "டேய் தடிமாடு, வாடா!"

அவன் திரும்பாமலே சொன்னான்: "நீங்க கூப்பிட்டாச் செல்லாதுங்க மொதலாளி. நீட்டுனவரு கூப்பிடோணும்."

உருண்டையோடு தெஸ்பாயே காரில் ஏறினார், நாங்களும் ஏறினோம். மூன்று தெரு தாண்டி அவனைப் பிடித்தோம். ஜன்னல் வழியாக உருண்டை நீண்டது. சென்னியப்பன் தொட்டுப் பார்த்தான்.

"ஆறிப்போச்சுங்களே" என்று மறுபடி நடந்தான்.

"நான் கோயமுத்தூர்ல நாலு வருசம் ஆட்டோக்காரங்ககிட்டப் பேரம் பேசினவன்!" என்று தெஸ்பாயே உருண்டையோடு இறங்கி, எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். அவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருவர் வடக்கே, ஒருவன் தெற்கே. என் நாற்பது மில் நடுரோட்டில். வந்த ஆத்திரத்தில் கார் ஹாரனை ஓங்கிக் குத்தினேன்.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"கூப்பிட்டீங்களா?" என்றான் சென்னியப்பன்.

"நீதானே கூப்பிட்டே?" என்றார் தெஸ்பாயே.

இருவருக்கும் தான் ஜெயித்த பெருமை. சென்னியப்பன் ஓடிவந்து வாயைத் திறந்தான். உருண்டை உள்ளே போனது. தெஸ்பாயே அவனைக் கட்டிக்கொண்டு, கார் பானெட்டின் மேலேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் நின்றவனிடம் நீட்டினார்.

பக்கத்தில் நின்றவன் பொன்னுக்குட்டி. நான் பாய்வதற்குள் மூஞ்சியைச் சுளித்துவிட்டான்.