வாதாமரம் சிவப்பு உடுத்திய கதை

மரங்கள் பேசினால் மனிதர் காதில் விழுந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலோரத்தில் வெண்மணற்பட்டினம் என்று ஒரு நகரம் இருந்தது. கோட்டைக்கு வெளியே, ஒரு குளத்தைச் சுற்றி, ஊர் மக்கள் காற்று வாங்குவதற்கென்று பெரிய சோலை ஒன்று வைத்திருந்தார்கள். மாலையானால் நகரமே அங்கேதான் இருக்கும். வருகிறவர்கள் செண்பகத்தைப் பார்ப்பார்கள், கொன்றையைப் பார்ப்பார்கள், மகிழம்பூவைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வார்கள். இலையை நிமிர்ந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. அப்போதெல்லாம் இலைகள் பச்சையாகவே இருந்து பச்சையாகவே விழும். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

குளத்தின் வடகரையில் ஒரு வாதாமரம் நின்றது. கிளைகளை அடுக்கடுக்காக விரித்து, உள்ளங்கையைவிடப் பெரிய இலைகளோடு நிற்கும் மரம். அதன் நிழலில்தான் காத்தாயி அடுப்பு மூட்டுவாள். அவள் சாயக்காரி. அந்தக் குளத்துத் தண்ணீரில் சாயம் நன்றாகப் பிடிக்கும் என்பதால், நகரத்தில் சிவப்புப் புடவை வேண்டும் என்றால் அவளிடம்தான் வருவார்கள். கணவன் இறந்து பதினெட்டு ஆண்டுகள். ஒரே மகள் மருதி. மகளைத் தொட்டிலில் போட்டு இந்த மரத்துக் கிளையில் கட்டிவிட்டுத்தான் அவள் வேலை பார்த்தாள். அதனால் மரத்தோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை உண்டு.

தை மாதம் வாடைக்காற்று வீசும்போது மட்டும் மரம் சரியாகப் பேசாது.

"என்ன, வாய் திறக்கமாட்டேன் என்கிறாய்?" என்று காத்தாயி கேட்பாள்.

"இன்றைக்கு யார் போவார்கள் என்று காலையில் தெரிவதில்லை, காத்தாயி. எல்லாம் ஒரே பச்சை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒன்று இருக்காது. கீழே பார்த்தால் கிடக்கும்" என்று மரம் சொல்லும்.

"இலைதானே, மறுபடி துளிர்க்கும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பில் விறகைத் தள்ளுவாள்.

மருதிக்குச் சாத்தனைப் பிடித்திருந்தது. அவன் கப்பல் ஓட்டுகிறவன். தெற்கே ஒரு தீவிலிருந்து சங்கு ஏற்றி வருகிறவன். இனி இந்தத் துறையிலேயே தங்கிவிடுவதாகச் சொன்ன பிறகுதான் காத்தாயி வெற்றிலை மாற்றச் சம்மதித்தாள். ஆனால் தை பிறந்ததும் ஒரு தோணிக்காரன் செய்தி கொண்டுவந்தான். தீவில் சாத்தனின் தகப்பனுக்குப் பக்கவாதம் வந்து கையும் காலும் விழுந்துவிட்டன. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

சாத்தன் காத்தாயியின் முன்னால் வந்து தலை குனிந்து நின்றான்.

"அத்தை, சொன்ன வார்த்தையை என்னால் காப்பாற்ற முடியவில்லை. மாசி பிறந்தால் காற்றுத் திரும்பிவிடும். அதற்குள் கல்யாணத்தை முடித்துக் கிளம்ப வேண்டும். மருதி வருகிறேன் என்கிறாள்."

"என்னைக் கேட்காமலேயே சொல்லிவிட்டாளா?"

"உங்களைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்."

காத்தாயி அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். குடிப் பெரியவர்கள்தான் தை முடிவதற்குள் ஒரு நாளைக் குறித்தார்கள். அன்றிலிருந்து மகளோடும் அவள் பேசவில்லை. மருதி சோறு வைத்தால் சாப்பிடுவாள். தலை வாரிவிடச் சொன்னால் வாரிவிடுவாள். வாய் மட்டும் திறக்கமாட்டாள்.

சாயக்காரர் குடியில் ஒரு வழக்கம் இருந்தது. மணப்பெண்ணின் கூறைப்புடவைக்குத் தாய் தன் கையால் சிவப்பு ஏற்ற வேண்டும். சிவப்பு ஏறாத புடவையோடு எந்தப் பெண்ணையும் மணையில் உட்கார வைக்கமாட்டார்கள். இதற்கென்றே காத்தாயி சாயவேர் சேர்த்து வைத்திருந்தாள். மழை இல்லாத காலம். மூன்று ஆண்டுகளாகக் கடற்கரை மணலைத் தோண்டி, பிடிபிடியாகச் சேர்த்த வேர். அதுவும் ஒரே ஒரு மிடாவுக்கு, ஒரு பெரிய சாயப்பானைக்குத்தான் காணும். நகரம் முழுக்கத் தேடினாலும் வேறு வேர் கிடைக்காது.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு காலை நேரத்தில், அவள் மரத்தடியில் மிடாவை ஏற்றினாள். வேர் கொதித்துத் தண்ணீர் இரத்தச் சிவப்பாகத் திரண்டது. கடுக்காய் நீரில் ஊறி உலர்ந்த கூறைப்புடவை பக்கத்துக் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. காத்தாயி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதில் புடவை முங்கி எழுந்தால் மகள் போய்விடுவாள். முங்காவிட்டால் கல்யாணம் இல்லை, கப்பல் அவளை விட்டுவிட்டுப் போகும். அவள் நினைத்தது இவ்வளவுதான்.

முந்தானையைச் சுற்றிய இரண்டு கையாலும் மிடாவின் விளிம்பைத் தள்ளினாள்.

மிடா உருண்டது. மூன்று ஆண்டுச் சிவப்பும் வாதாமரத்தின் வேரைச் சுற்றி ஓடி, மண்ணுக்குள் இறங்கியது. கொஞ்சம் அவள் காலிலும் தெறித்தது. கஞ்சிக் கலயத்தோடு வந்த மருதி, அம்மா காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைத்தான் பார்த்தாள்.

"மிடா கை தவறிவிட்டது" என்றாள் காத்தாயி. பல நாளுக்குப் பிறகு மகளிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

மருதி மிடாவைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள். குளத்தில் இறங்கித் தண்ணீர் மொண்டு வந்து, அம்மாவின் காலை மடியில் வைத்து ஊற்றினாள். மறுபடி போனாள், மறுபடி ஊற்றினாள். கொப்புளம் எழுந்த இடத்தில் வாயால் ஊதினாள். காத்தாயிக்குக் கால் எரிச்சல் அடங்கியது. நெஞ்சு எரிய ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் காலை, வெற்று மிடாவை எடுத்துப்போகலாம் என்று அவள் சோலைக்கு நொண்டிக்கொண்டே வந்தாள். மரத்தடியில் ஒரு கூட்டம். செண்பகம் பறிக்க வந்த பெண்கள், கோட்டைக் காவலர்கள், மோர் விற்கிறவள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சைக்கு நடுவே பத்துப் பதினைந்து இலைகள் கூறைப்புடவைச் சிவப்பில் இருந்தன. வெயில் பட்ட இடத்தில் அவை விளக்குப் போல் எரிந்தன.

கூட்டம் கலைந்த பிறகு காத்தாயி மரத்தடிக்குப் போனாள். மரம் அவளைக் கவனிக்கவில்லை. தாழ்ந்த கிளையில் இருந்த ஒரு சிவப்பு இலையோடு பேசிக்கொண்டிருந்தது.

"நீ துளிர்த்த அன்றைக்கு இடி இடித்தது. பயந்து சுருண்டுகொண்டாய், நினைவிருக்கிறதா? ஆடிக் காற்றில் உன் அக்காக்கள் எல்லாம் கிழிந்தார்கள், நீ மட்டும் தப்பித்தாய். மதியத்தில் இங்கே வந்து படுக்கும் அந்தக் கிழட்டு ஆட்டுக்கு நீதான் நிழல். இவ்வளவு நாளும் இதையெல்லாம் உன்னிடம் சொன்னதே இல்லை. சரி, காற்று வந்துவிட்டது. பார்த்துப் போய் வா."

வாடைக்காற்று வந்தது. சிவப்பு இலை காம்பை விட்டு, சுழன்று சுழன்று இறங்கிக் குளத்தில் மிதந்தது.

அதன் பிறகுதான் மரம் காத்தாயியைப் பார்த்தது. "நீ தவறிக் கொட்டவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நன்றாயிரு. இந்த ஆண்டுதான் யார் போகப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிகிறது. ஒவ்வொருவரிடமும் பேசி அனுப்புகிறேன். உனக்கு எப்போதுமே தெரியுமே, காத்தாயி. உன் மகள் எந்த நாள் போவாள் என்று நாள் குறித்தல்லவா தெரியும்!"

மரம் குத்திக்காட்டவில்லை. அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டுத்தான் அப்படிச் சொன்னது. காத்தாயி மிடாவை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு விரைந்தாள்.

மருதி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மருதி, மிடாவை நான்தான் தள்ளினேன். நீ போகக்கூடாது என்று தள்ளினேன்."

"தெரியும் அம்மா" என்றாள் மருதி, முறத்தைக் கீழே வைக்காமல். "உன் கை தவறி நான் ஒருநாளும் பார்த்ததில்லை."

"தெரிந்துமா என் காலைக் கழுவினாய்?"

"பின்னே, வெந்த காலை அப்படியே விட்டுவிடுவதா?"

காத்தாயி அவள் அருகில் உட்கார்ந்து அழுதாள். மருதியும் அழுதாள். அழுது முடித்ததும் மருதி மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள், "சிவப்புக்கு என்னம்மா செய்வது? குடிப் பெரியவர்கள் புடவையைக் கேட்பார்களே."

"மரம் தரும், வா" என்று தாய் எழுந்தாள்.

அடுத்து வந்த ஆறு நாளும் தாயும் மகளும் மரத்தடியில்தான் இருந்தார்கள். நாளுக்கு நாள் இன்னும் பல இலைகள் சிவந்தன. மரம் பேசி அனுப்பிய ஒவ்வோர் இலையையும் பொறுக்கினார்கள். பொறுக்கும்போது காத்தாயி வாய் ஓயாமல் பேசினாள். மருதி பிறந்த கதை, தகப்பன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடலைக் காட்டிய கதை, உப்புக் குறைந்தால் குழம்பை எப்படிச் சரிசெய்வது, மாமனாரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது முதுகுப் புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது, எல்லாம். வேடிக்கை பார்க்க வந்த நகரத்து மக்கள் சும்மா நிற்காமல் தாங்களும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். அதுவரை இலையைத் திரும்பிப் பார்க்காதவர்கள், எது அழகான இலை என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

ஏழாம் நாள் இலைகளைக் கொதிக்கவைத்துப் புடவையை முக்கினார்கள். எடுத்தபோது சாயம் ஒரே சீராகப் பிடித்திருக்கவில்லை. ஓரிடம் செம்மண் நிறம், ஓரிடம் பழுத்த பாக்கின் நிறம், முந்தானையில் கொஞ்சம் மஞ்சள். காத்தாயி தன் வாழ்நாளில் இவ்வளவு மோசமாகச் சாயம் ஏற்றியதில்லை. "யாரிடமும் நான் ஏற்றினேன் என்று சொல்லிவிடாதே" என்றாள். மருதி அதை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தப் புடவையில்தான் கல்யாணம் நடந்தது. மறுநாள் காலை கப்பல் கிளம்பும்போது காத்தாயி துறையில் நின்றாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருந்ததால் அவளுக்குச் சொல்ல ஒன்றும் மீதி இல்லை. "போய் வா" என்று மட்டும் சொன்னாள். பாய் கண்ணுக்கு மறையும் வரை நின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மூன்றாம் ஆண்டு மருதி கைக்குழந்தையோடு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள்.

அந்த மரத்தின் கொட்டைகள் குளத்திலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து கடலுக்கும் போய், கரை கரையாக ஒதுங்கி முளைத்தன. முளைத்த மரங்களுக்கெல்லாம் தாய்மரத்தின் பழக்கம் வந்தது. காலப்போக்கில் மரங்களின் பேச்சு நம் காதுக்கு எட்டாமல் போய்விட்டது. ஆனால் வாதாமரம் தன் இலைகளுக்குச் சிவப்பு உடுத்தி, ஆற அமரப் பேசி வழியனுப்புவதும், அந்த நாட்களில் நகரத்து மக்கள் பூங்காவுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, திரும்பும்போது ஒரு சிவந்த இலையைக் குனிந்து எடுத்துவருவதும் அன்றைக்குத் தொடங்கியவைதான்.