அடுப்படி ஜன்னலும் ஒரு கை வத்தலும்

விருதுநகர் மிளகாய் வத்தல் மண்டி ரத்தினவேலுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. மனுஷன் மண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வீட்டைப் பார்க்க வாஸ்து வைத்திலிங்கத்தை அழைத்துவந்தார். பட்டு அங்கவஸ்திரமும் திசைகாட்டியுமாக வீடு முழுக்க அளந்த வைத்திலிங்கம், கடைசியில் அடுப்படி ஜன்னலைப் பார்த்து விரலை நீட்டினார்.

"உங்க வீட்டு லட்சுமி இது வழியாத்தான் வெளியே போறா. நாளைக்கே செங்கல் வச்சு அடைச்சிருங்க."

சமையல்காரி ஒச்சம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அடுப்படிக்கு இருந்ததே ஒற்றை ஜன்னல்தான்.

"நாளை வரைக்கும் எதுக்குங்கய்யா?" என்று ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணியையும் திணித்தாள். "லட்சுமி தங்குற இடத்துலயே ஐயா சாப்பிடணும்."

வைத்திலிங்கம் பூரித்துப்போய் அடுப்புப் பக்கத்திலேயே சம்மணம் போட்டார். ஒச்சம்மா முந்தானையை மூக்கில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, காய்ந்த எண்ணெயில் ஒரு கை வத்தலை அள்ளிப் போட்டாள்.

அவ்வளவுதான். நெடி உச்சந்தலைக்கு ஏறியது.

"ஜன்னலைத் திற! ஜன்னலைத் திற!" என்று வைத்திலிங்கம் இருமிக்கொண்டே கத்தினார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த ரத்தினவேலிடம் ஒச்சம்மா கையை விரித்தாள்.

"திறக்கச் சொல்றாரு மொதலாளி. திறந்தா லட்சுமி போயிருவாளே!"