பூவாயி குடிச்ச மூணு மருந்து

ஒரு ஊர்ல ஒரு வளையல்காரி இருந்தா. எந்த ஊருன்னு கேக்காதே, கேட்டா தூக்கம் கலைஞ்சுடும். காலைப் போர்வைக்குள்ள இழு. அவ பேரு பூவாயி.

பூவாயிக்கு ரெண்டு கையிலயும் கரப்பான். செதில் செதிலா உரியும், வெடிக்கும், பரக் பரக்னு சொறிவா. வேற வேலைன்னா பரவாயில்ல. இவளுக்கு அடுத்தவங்க கையைப் பிடிக்கிறதே வேலை. சோப்பை நல்லா நுரைச்சு, அவங்க கையில தடவி, விரலை ஒடுக்கி, வழுக்குனு வளையலை ஏத்தணும். பொம்பளைங்க அவ கையைப் பார்த்ததும் வெடுக்னு இழுத்துக்குவாங்க. "அங்க வச்சிட்டுப் போ பூவாயி, நாங்களே போட்டுக்கறோம்." தானா போட்டா படக்னு ஒடையும். ஒடைஞ்சா அவளைத்தான் திட்டுவாங்க. கேக்குறியா?

ம்.

அப்போ பால்காரர் வந்தார். "ரத்தத்துல சூடு தாயி. ஒரு மண்டலம் அருகம்புல் சாறு குடி. கத்திரிக்கா ஆகாது. வெயில்ல தலை காட்டாதே." பூவாயி கூடையைப் பரண்ல ஏத்திட்டு, வீட்டுலயே இருந்து நாப்பத்தெட்டு நாள் மடக் மடக்னு குடிச்சா. வாயெல்லாம் பச்சை. அந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டு ஆடு, மே மேன்னு அவ பின்னாடியே சுத்த ஆரம்பிச்சுது. கை ஆறிடுச்சு. ஆறினதும் கூடையோட கிளம்பினா. பத்தே நாள்ல பரக் பரக்.

அப்புறம் பூக்காரி வந்தா. "அருகம்புல்லா? அது ஆட்டுக்குத்தான்டி. வேப்பங்கொழுந்தை அரைச்சுக் குடி. புளி ஆகாது, வெயில் ஆகாது." மறுபடியும் கூடை பரணுக்குப் போச்சு. மறுபடியும் நாப்பத்தெட்டு நாள். நாக்கு கசந்து கசந்து, எதிர்வீட்டுக்காரி குடுத்த பாயசத்தைக் குடிச்சிட்டு, "இதுல எதுக்குக்கா வேப்பிலை போட்டீங்க?"ன்னா. அந்த அக்கா அவகூடப் பேசுறதையே விட்டுட்டா. கை ஆறிடுச்சு. கூடை இறங்குச்சு. பரக் பரக்.

ம்.

தூங்கிட்டியோன்னு பார்த்தேன். அப்புறம் பஸ் கண்டக்டர். "கருஞ்சீரகக் கஷாயம்மா. என் மச்சானுக்கே போயிடுச்சு. உப்பு மட்டும் ஆகாது." கத்திரிக்கா இல்ல, புளி இல்ல, உப்பும் இல்ல. கூடையைப் பரண்ல ஏத்திட்டு, வெறுஞ்சோத்தைப் பார்த்துக்கிட்டே நாப்பத்தெட்டு நாள் உக்காந்திருந்தா. ஆறுச்சு. போனா. பரக் பரக்.

அப்போ வடிவுன்னு ஒரு பொண்ணுக்கு வளைகாப்பு வந்துச்சு. அங்கேயும் கையை இழுத்துக்கிட்டா இந்தத் தொழிலையே தலைமுழுகிடணும்னு பூவாயி போனா. கூடையை வாசல்ல வச்சா. திரும்பிப் பார்த்தா ஆடு நிக்குது. வாயெல்லாம் புஸ்ஸு புஸ்ஸுனு நுரை. சோப்பைக் காணோம்.

"சோப்பு இல்லாம எப்படிடி போடுவே?"ன்னு வடிவு அத்தை கத்துனா. "கையையும் பாரு, கருவாடு மாதிரி."

வடிவு மெதுவா கையை நீட்டுனா. பூவாயி காதுகிட்ட குனிஞ்சு வடிவு சொன்னா: "எனக்கு வயிறெல்லாம் அரிக்குதுக்கா. யார்கிட்டயும் சொல்லல. நீ போடு." அப்புறம் சத்தமா, "அத்தே, அடுக்களையில தேங்கா எண்ணெய் இருக்குல்ல?"

எண்ணெய் வந்துச்சு. சிலுங், சிலுங், சிலுங். ஒண்ணு கூட ஒடையல. அப்புறம் வரிசையா எல்லாரும் நீட்டுனாங்க. அத்தையும் நீட்டுனா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு.

மறுநாள் பூவாயி கையைப் பார்த்தா, அரிக்கல. பத்து நாள் எண்ணெயிலேயே யாவாரம் பண்ணுனா, அப்பவும் அரிக்கல. அப்பத்தான் புரிஞ்சுது. கூடை பரண்ல இருந்த மூணு தடவையும் அவ சோப்பைத் தொடவே இல்ல.

மருந்து சொன்னவங்ககிட்டப் போய்ச் சொன்னா. "என் அருகம்புல்லு இப்பத்தான் வேலை செய்யுது"ன்னார் பால்காரர். பூக்காரியும் கண்டக்டரும் அதேதான் சொன்னாங்க. மூணு பேர்கிட்டயும் "ஆமா"ன்னு சொல்லிட்டு, பூவாயி வீட்டுக்கு வந்து உப்பும் புளியும் போட்டுக் கத்திரிக்கா குழம்பு வச்சா.

"ஆடு?"

ரெண்டு நாள் நுரை நுரையா ஏப்பம் விட்டுச்சு. அப்புறம் சரியாயிடுச்சு.

"அவளுக்கு முழுசாப் போயிடுச்சா?"

இல்ல கண்ணு. மார்கழி வந்தா எட்டிப் பார்க்கும். எண்ணெய் தடவிக்குவா. அதுக்காக அப்புறம் யாரும் கையை இழுத்துக்கல. நீயும் முட்டியைச் சொறியாதே. எண்ணெய் தடவியிருக்கேன்ல? கையை இங்க குடு, நான் பிடிச்சுக்கறேன். கதை கூடைக்குள்ள போயிடுச்சு. நீ தூக்கத்துக்குள்ள போ.