பக்கத்து வீட்டு வாடகை

கோவில்பட்டியில் செண்பகவல்லி என்று ஒரு தையல்காரி. சீட்டுப் பணத்தில் சுவரில் துளை போடும் டிரில் மிசின் ஒன்று வாங்கி, வாடகைக்கு விட ஆரம்பித்தாள். முதல் ஆளாக வந்து நின்றவர் அடுத்த வாசல் கல்யாண மண்டபத்துக்காரர் சுடலைமுத்து.

“ஏ புள்ள, பக்கத்து வீட்டுக்காரன்கிட்டயே வாடகையா? ஒருநாள்ல மிசின் தேஞ்சா போயிரும்?”

தெருவே வேடிக்கை பார்த்தது. இவருக்குச் சும்மா கொடுத்தால் நாளைக்கு எல்லாருக்கும் சும்மா கொடுக்கணும். தொழில் அதோடு படுத்துவிடும்.

“மெய்தான் அண்ணாச்சி, எடுத்துட்டுப் போங்க” என்றாள் அவள். “வெள்ளிக்கிழமை மகளுக்குக் காதுகுத்து. பக்கத்துலயே மண்டபம் இருக்கப்போ நான் எங்க போய் அலைய? சாவிய மட்டும் கொடுத்தனுப்புங்க.”

தெரு கொல்லென்று சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

“வாடகை எவ்வளவு, தாயி?”